மேட்டூர் அணைக்குள் கிடக்கும் மூன்று ஏக்கர்

கேள்வி: வக்கீல் அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் காட்டுமன்னார்கோவில் பக்கம் விவசாயம் செய்கிறேன். வயது 52. எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் குடும்பம் மேட்டூரை ஒட்டிய பண்ணவாடியில் இருந்தது. அணை கட்டியபோது வீடும் நிலமும் தண்ணீருக்குள் போய்விட்டன. தாத்தா சிறுவனாக இருந்தபோது அணை வேலையில் மண் சுமந்தவர். பிறகு பொதுப்பணித் துறையில் லஸ்கராக (மதகு பார்க்கும் ஊழியராக) சேர்ந்து, அணைக்கரைக்கு மாற்றலாகி, இந்தப் பக்கமே தங்கிவிட்டார். அணையைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தன் பெரியப்பாவைத்தான் சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தார். நஷ்டஈட்டுப் பணம் முழுவதையும் அவரே வாங்கி விழுங்கிவிட்டாராம். அந்தப் பங்காளிகள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்றுவரை நாங்கள் போவதில்லை.

சென்ற ஆண்டு அப்பா தமது 78-ஆவது வயதில் காலமானார். அவருடைய தகரப் பெட்டியில் பழைய பட்டா ஒன்று கிடைத்தது. கொள்ளுத்தாத்தா பெயரும் அவருடைய அண்ணன் பெயரும் சேர்ந்திருக்கின்றன. மூன்று ஏக்கர் சொச்சம். மேலே 'கோயம்புத்தூர் ஜில்லா, பவானி தாலுகா' என்று இருக்கிறது. இது ஏன் என்று புரியவில்லை. இதைக் கேள்விப்பட்டு ஒருவர் வந்தார். நர்மதை அணையில் குடும்பத்துக்கு 60 லட்சம் கொடுத்திருக்கிறார்கள், மேட்டூருக்கும் வழக்குப் போடப்போகிறோம் என்றார். எட்டாயிரம் ரூபாய், அசல் பட்டா, வெற்று முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்து ஆகியவற்றைக் கேட்கிறார். கொளத்தூரில் இருக்கும் தூரத்து உறவினர் ஒருவரோ, தண்ணீர் வற்றும்போது நம் நிலம் வெளியே தெரிகிறது, யார் யாரோ பயிர் வைக்கிறார்கள், வந்து வேலி போடுங்கள் என்கிறார். நிலத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? இல்லாவிட்டால் நஷ்டஈடாவது கிடைக்குமா? பெரியவர் பணத்தை எடுத்துக்கொண்டது உண்மைதானா என்று இப்போது தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: முதலில், கையெழுத்துப் போடாதீர்கள். அசல் பட்டாவையும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருப்பவற்றில் எதற்கும் அவசரம் கிடையாது. தொண்ணூறு ஆண்டு கிடந்த விஷயம் இன்னும் சில மாதம் கிடக்கும். அந்த வெற்று முத்திரைத்தாள் மட்டும்தான் அவசரம். உங்கள் கையெழுத்துக்கு மேலே அதில் என்ன வேண்டுமானாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம்: கடன் பத்திரம், கிரைய ஒப்பந்தம், ஏதாவது ஒரு உறுதிமொழி. மேட்டூரில் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் மூன்று ஏக்கருக்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள். காட்டுமன்னார்கோவிலில் இன்று உங்கள் கையில் இருக்கும் நிலத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நான் பார்க்கும் நில வழக்குகளில் கணிசமானவை இப்படி ஒரு வெற்றுத்தாளில் தொடங்கியவைதான்.

உண்மையாகவே வழக்குப் போடுகிற வக்கீலுக்கு வேண்டியது வக்காலத்து. அதில் எந்த நீதிமன்றம், யாருக்காக ஆஜராகிறார், அவர் பெயர் என்ன, பதிவு எண் என்ன என்பதெல்லாம் அச்சாகவோ எழுத்தாகவோ இருக்கும். அசல் ஆவணம் தேவைப்படும் நாளில் நீதிமன்றத்துக்குப் போகும். தரகரின் கைப்பைக்குப் போகாது. உங்கள் சித்தப்பா வீட்டிலோ தங்கை வீட்டிலோ யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், எந்தத் தேதியில், என்ன மதிப்புள்ள தாளில், யாரிடம் கொடுத்தார் என்பதை எழுதி, அதைத் திருப்பித் தரச் சொல்லி ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பட்டும். அதன் நகலோடு காவல் நிலையத்தில் ஒரு மனுவும் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளட்டும். நாளை அந்தத் தாள் வேறு உருவத்தில் வந்து நின்றால் இந்த இரண்டு காகிதமும்தான் துணை.

இனி அந்த 60 லட்சம். அது பொய்யில்லை, அதனால்தான் ஆபத்து. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தரகர் சொன்ன நர்மதை அணையான சர்தார் சரோவர் வழக்கில், மத்தியப் பிரதேசத்தில் நிலம் கிடைக்காமல் விடுபட்டிருந்த 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் கொடுக்கச் சொன்னது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதைத் தரகர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நர்மதை நதிநீர்த் தீர்ப்பாயம் 1979-லேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. தன் நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழக்கிற குடும்பத்துக்குப் பாசன வசதியுள்ள நிலம் கொடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு ஹெக்டேர். வயதுக்கு வந்த மகன் தனிக் குடும்பமாகக் கணக்கு. அந்த நிலத்தை அரசு கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய இரண்டு ஹெக்டேருக்கு ஈடாகத்தான் நீதிமன்றம் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. எழுத்தில் இருந்த கடனை வசூலித்துக் கொடுத்த தீர்ப்பு அது. அந்தக் கடன் எழுதப்படாத இடத்தில் அதே தொகையைக் கேட்க முடியாது.

மேட்டூரில் அப்படி ஒரு கடன் எழுதப்படவில்லை. 1924-ல் மைசூரும் சென்னை மாகாணமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் தண்ணீரைப் பற்றியது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். 120 அடி உயரத்துக்கு, 93.47 டி.எம்.சி. தேக்கினால் ஏறத்தாழ 59 சதுர மைல் தண்ணீருக்குள் போகும். அந்த 59 சதுர மைலை எடுக்கக் கையாண்டது 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு நிலம்தான் தெரியும், மனிதர்களைத் தெரியாது. நிலத்தின் சந்தை மதிப்பு, அதன்மேல் 15 சதவீதம் ஆறுதல் தொகை, அதோடு கணக்கு முடிந்தது. வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதவன், கூலிக்குப் போனவன், பரிசல் ஓட்டிப் பிழைத்தவன், சூளை வைத்திருந்த குயவர் ஆகியோரின் பிழைப்புக்கு விலை போடும் பிரிவு அதில் இல்லை. மாற்றுக் குடியிருப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அணைக்கு அருகே புதுச்சாம்பள்ளி என்று ஓர் ஊர் இருப்பதை நீங்கள் அறிவீர்கள்; பழைய சாம்பள்ளி தண்ணீருக்குள் இருக்கிறது. எல்லா ஊருக்கும் இப்படி 'புது' வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. மறுவாழ்வைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து, விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஒப்புக்கொண்டது 2013-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அது நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரி 1. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு எண்பது ஆண்டு தாமதம்.

நிலத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்றால், முடியாது. இதை வளைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. பழைய சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, அவார்டு (நஷ்டஈட்டை முடிவு செய்யும் உத்தரவு) போட்டு அரசு நிலத்தைச் சுவாதீனம் எடுத்த, அதாவது தன் வசம் எடுத்துக்கொண்ட, நிமிடத்தில் நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் முழுமையாக அரசுக்குப் போய்விடுகிறது. உங்கள் கையில் இருக்கும் பட்டா அதற்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

தரகர்கள் இங்கே மூன்று விஷயங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதலாவது, 2013 சட்டத்தின் 24(2) பிரிவு. அவார்டு போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் சுவாதீனம் எடுக்காமல், பணமும் கொடுக்காமல் இருந்தால் நில எடுப்பே காலாவதி என்கிறது அது. இதை வைத்து நாடு முழுவதும் பழைய வழக்குகள் எழுந்தன. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தோர் வளர்ச்சி ஆணைய வழக்கில் கதவைச் சாத்திவிட்டது: இரண்டுமே நடக்காமல் இருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும், முடிந்துபோன பழைய நில எடுப்பைக் கிளறுவதற்கு அது ஆயுதம் இல்லை. மேட்டூரில் சுவாதீனம் எடுக்கவில்லை என்று வாதாடப்போகிற வக்கீலை எனக்கும் பார்க்க ஆசைதான்.

இரண்டாவது, பழைய சட்டத்தில் தமிழ்நாடு தனியாகச் சேர்த்த 48-பி. எடுத்த நிலம் எந்தப் பொது நோக்கத்துக்கும் தேவையில்லை என்று அரசு கருதினால், பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தச் சம்மதிக்கிற பழைய உரிமையாளருக்கே கொடுக்கலாம் என்கிற பிரிவு அது. குடியிருப்புத் திட்டங்களுக்கு எடுத்துச் சும்மா போட்ட மனைகள் விஷயத்தில் இதைச் சொல்லிப் பலர் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். நீர்த்தேக்கத்தின் படுகை கோடையில் காய்ந்து கிடப்பதால் தேவையற்ற நிலம் ஆகிவிடாது. அடுத்த வெள்ளத்துக்கு இடம் வைத்திருப்பதே அதன் வேலை.

மூன்றாவது, இமாசலப் பிரதேச வழக்கு. அங்கே 1967-68-ல் சாலை போட ஒரு பெண்ணின் நிலத்தை நில எடுப்பு நடவடிக்கை எதுவுமே இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். முதிய வயதில் அவர் வழக்குப் போட, 2020-ல் உச்ச நீதிமன்றம் தாமதத்தைக் காரணம் காட்டாமல் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. அதில் அரசிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்பதுதான் அடிப்படை. மேட்டூர் அப்படி நடந்த காரியம் இல்லை. அதற்குக் காகிதம் மலை மலையாக இருந்தது. ஒருவேளை உங்கள் சர்வே எண் மட்டும் எந்த அறிவிப்பிலும் அவார்டிலும் இல்லை என்று தேடிப் பார்த்து உறுதியானால், அப்போது இந்த வழக்கைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

கொளத்தூர் உறவினர் சொல்கிற வேலி விஷயம். அவர் சொல்வது பொய்யாக இருக்காது. நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கம் வண்டல் படிந்த படுகையில் கம்பு, சோளம், எள், நிலக்கடலை போடுவது நெடுநாள் வழக்கம். உரம் கேட்காத மண் அது. பழைய வரப்பு, எல்லைக்கல், கிணற்றுச் சுவர் என்று கண்ணில் பட்டாலும் படலாம். பயிர் வைக்கிறவர்களில் பலருக்கு அது தங்கள் முன்னோர் நிலம் என்ற நினைப்பும் இருக்கும், உங்களைப் போலவே.

ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அரசுப் புறம்போக்கு. அதிகாரிகள் கண்டும் காணாமலும் விடுகிற வரைக்கும் சாகுபடி நடக்கும். வேலி போட்டால் கதை வேறு. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் வரும். பி மெமோ என்கிற ஆக்கிரமிப்பு அறிக்கை போட்டு அபராதம் வாங்குவார்கள். அந்த பி மெமோ ரசீதை வரி ரசீது போலப் பத்திரப்படுத்தி, இதோ என் உரிமைக்கு ஆதாரம் என்று என் மேசையில் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது நீங்கள் ஆக்கிரமித்தீர்கள் என்பதற்கான ஆதாரம், ஐயா. அனுபவ பாத்தியம், அதாவது நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமை, கேட்கலாமே என்பார்கள். அரசுக்கு எதிராக அதற்கு முப்பது ஆண்டு இடைவிடாத சுவாதீனம் வேண்டும். ஒவ்வொரு ஆடியிலும் ஆவணியிலும் உங்களைத் தண்ணீர் வெளியே அனுப்பிவிடுகிற இடத்தில் இடைவிடாத சுவாதீனத்தை எப்படி நிரூபிப்பீர்கள்? இதைவிட முக்கியமானது இன்னொன்று. அங்கே இப்போது பயிர் வைத்திருப்பவர் அந்த ஊரிலேயே கிடந்து காலம் தள்ளுகிறவர். கடலூர் மாவட்டத்திலிருந்து நீங்கள் போய் வேலி போட்டால் கோர்ட்டுக்கு முன்பே அடிதடி வரும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இந்த இடத்துக்கு இரண்டு விதத்திலும் பொருந்தும்.

பட்டாவில் பவானி தாலுகா என்று இருப்பதில் குழப்பம் வேண்டாம். அந்தப் பகுதியில் காவிரியின் இடக்கரை சேலம் மாவட்டம். பண்ணவாடி, காவேரிபுரம் இருக்கிற வலக்கரை அன்று கோயம்புத்தூர் மாவட்டத்துப் பவானி தாலுகா. அதற்கு மேற்கே இன்று கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால்கூட 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டம்தான். இது வெறும் சரித்திரத் தகவல் இல்லை. உங்கள் நிலத்தின் பழைய ஆவணங்களைச் சேலத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது என்று அர்த்தம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்தபோது இதைத்தான் நீங்கள் முதலில் கேட்க நினைத்தீர்கள் என்று தோன்றியது. பணம் யாருக்குப் போனது? இதற்கு மட்டும்தான் இன்னும் பதில் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது.

நில எடுப்பில் கடைசியாகப் போடும் உத்தரவுதான் அவார்டு. எந்தச் சர்வே எண், எவ்வளவு பரப்பு, எவ்வளவு தொகை, அந்தத் தொகையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாவற்றையும் அதில் சொல்லியாக வேண்டும், 11-ஆவது பிரிவு. அதற்கு முன்னால் 9-ஆவது பிரிவில் எல்லாப் பாத்தியதைக்காரர்களுக்கும் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். உங்களுடையது கூட்டுப் பட்டா. ஆகவே அண்ணன், தம்பி இருவர் பெயரும் அந்த நோட்டீஸில் இருந்திருக்க வேண்டும். பங்கில் தகராறு என்று இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால், அதிகாரி 30-ஆவது பிரிவில் விஷயத்தைச் சிவில் கோர்ட்டுக்கு அனுப்பிப் பணத்தையும் அங்கே கட்டியிருப்பார். அப்படி ஒரு கோர்ட் எண் கிடைத்தால் உங்கள் தாத்தா சொன்ன சண்டை உண்மை. அதன் முடிவும் தெரிந்துவிடும்.

அவார்டில் பெரியவர் ஒருவர் பெயரில் மட்டும் தொகை போயிருந்தால்? உடனே, 'பார்த்தாயா, தாத்தா சொன்னது சரி' என்று எழுந்துவிடாதீர்கள். அந்தக் காலக் கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் கைநாட்டு வைத்துப் பணம் வாங்குவது வழக்கம். வாங்கிய பிறகு என்ன செய்தார் என்பதை அரசு ஆவணம் சொல்லாது. மூன்று ஏக்கர் புன்செய்க்கு அன்று வந்த தொகையில் கடனை அடைத்து, மேட்டில் ஒரு குடிசை போட்டு, வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமும் செய்திருந்தால் மிச்சம் என்ன இருந்திருக்கும்? அணை வேலையில் மண் சுமந்த சிறுவனுக்கு அந்தக் கணக்கை யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். பெரியப்பா உண்மையிலேயே விழுங்கியிருக்கலாம். அப்படியும் நடந்திருக்கிறது. நான் சொல்வது, இரண்டுக்கும் இடம் வைத்துக்கொண்டு தேடுங்கள் என்றுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே முடித்துவிடலாம். பங்குக்கு மேல் பணம் வாங்கியவர் அதை உரியவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று அந்தப் பழைய சட்டத்தின் 31-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. கொள்ளுத்தாத்தா வழக்குப் போட்டிருக்கலாம். அதற்கான காலவரம்பு உங்கள் அப்பா பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. இன்று பங்காளிகள் மேல் அதற்காக ஒரு பைசாவும் கேட்க முடியாது. எனவே தேடுவது தெரிந்துகொள்வதற்காக மட்டுமே. செலவையும் அதற்குத் தகுந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது? பட்டாவில் இருக்கும் சர்வே எண்தான் சாவி. கிராமத்தின் பெயரை அதில் எழுதியிருக்கிறபடியே, எழுத்துப் பிழையோடு, குறித்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் நில எடுப்பு அறிவிப்புகள் கெஜட்டில் வந்தன. செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டின் தொகுதிகள் எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அணைத் திட்டம் தொடர்பான அரசாணைகளையும் மாவட்டங்களின் பழைய செட்டில்மெண்ட் பதிவேடுகளையும் அங்கேதான் கேட்க வேண்டும். 1925-லிருந்து 1934 வரை என்று கேட்டால் யாரும் திணறிப்போவார்கள். கோயம்புத்தூர் மாவட்டம், பவானி தாலுகா, இந்தக் கிராமம், இந்தச் சர்வே எண் என்று கேளுங்கள். அறிவிப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதிலிருக்கும் எண்ணையும் தேதியையும் பிடித்துக்கொண்டு அவார்டை நோக்கிப் போகலாம்.

அவார்டுக் கோப்பு கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் ஆட்சியர் அலுவலகப் பதிவறைகளில் எங்கே தங்கியது என்பதை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, சேலத்துக்கு ஒரு மனு போடுங்கள். தங்களிடம் இல்லையென்றால், இருக்கிற அலுவலகத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, 6(3) பிரிவு. மனுவில் 'எங்கள் நிலத்தை ஏன் எடுத்தீர்கள், நியாயமா' என்றெல்லாம் எழுதாதீர்கள். இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும். காரணம் கேட்டால் அதையே சாக்காக வைத்து மனுவைத் தள்ளிவிடுவார்கள். 'இந்தச் சர்வே எண் தொடர்பான நில எடுப்பு அவார்டின் நகலும் பட்டுவாடா விவரமும் வேண்டும்' என்று ஒரே வரி போதும்.

கர்ணம் (பழைய கிராமக் கணக்கர்) வைத்திருந்த கணக்குகளைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் அதிகம் நம்பாதீர்கள். ஊரே போன இடத்தில் ஊர்க் கணக்கும் இடம் மாறியது. 1980-ல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிந்தபோது பல ஊர்களில் மூட்டை மூட்டையாகக் காகிதம் எங்கெங்கோ போயிற்று.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஆவணம் ஒன்று அருகிலேயே இருக்கிறது. தாத்தா அரசு ஊழியர். அவருடைய பணிப் பதிவேட்டில் தகப்பனார் பெயர், சொந்த ஊர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் முதல் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். பென்ஷன் வாங்கியிருந்தால் அந்தக் காகிதங்களிலும் இருக்கும். பட்டாவில் இருக்கும் பெயருக்கும் உங்கள் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பை அரசின் கையெழுத்திலேயே காட்டுகிற தாள் அது. அந்தத் தகரப் பெட்டியில் ஒரு நகல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அவர் வேலை பார்த்த கோட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். தலைமுறை கடந்த வாரிசுச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். உரிமை கோராதபோது உங்களுக்கு அது தேவையே இல்லை.

லஸ்கர் என்ற சொல்லைக் கண்டதும் கொஞ்சம் நின்றுவிட்டேன். மேட்டூரில் விட்ட தண்ணீர் முக்கொம்பு, கல்லணை தாண்டிக் கொள்ளிடத்தில் இறங்கி, ஆங்கிலப் பொறியாளர் காட்டன் துரை 19-ஆம் நூற்றாண்டில் அணைக்கரையில் கட்டிய கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாற்றில் திரும்பி வீராணத்துக்குப் போகிறது. உங்கள் வயலும் அதைக் குடித்துத்தான் விளைகிறது. நில எடுப்பு அறிவிப்பில் 'பொது நோக்கம்' என்று போட்டார்களே, அந்தப் பொதுவில் காட்டுமன்னார்கோவில் தாலுகாவும் அடக்கம். அணைக்கரை ஷட்டரைத் திருகியவர் அந்த நோக்கத்துக்காக வீடு இழந்தவர். உங்கள் தாத்தா ஏன் அணையைக் குறை சொல்லவில்லை என்று நீங்கள் வியந்திருக்கலாம். எனக்கு அதில் வியப்பில்லை. மாதச் சம்பளம் கொடுத்த துறையை அவர் திட்டவில்லை. வீடு இழந்த இன்னும் எத்தனையோ பேருக்கு அந்தச் சம்பளமும் கிடைக்கவில்லை.

ஊரைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீர்மட்டம் எழுபது, எண்பது அடிக்குக் கீழே இறங்குகிற கோடையில் பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் ஒன்றும் தெரியாது. பத்திரிகையில் நந்தியின் படம் வந்தால், ஜூன் 12 திறப்புக்கு முன்னால் போய்விட்டு வாருங்கள். வேலிக் கம்பியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

போகும் வழியில் அந்தப் பங்காளி வீட்டுக்கும் போவது நல்லது. இதைச் சமாதானத் தூதாகச் சொல்லவில்லை. ஆவணம் தேடுகிறவளாகச் சொல்கிறேன். பட்டாவின் அசல் உங்கள் பெட்டியில் இருக்கிறது என்றால், பணம் வாங்கிய ரசீது, அதற்குப் பிறகு வாங்கிய நிலத்தின் பத்திரம், நோட்டீஸின் நகல் இவையெல்லாம் மூத்தவர் வழியில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெட்டியைத் திறக்க ஆர்.டி.ஐ. மனு உதவாது. 1934-க்குப் பிறகு பெரியவர் எங்காவது நிலம் வாங்கியிருந்தால், அந்தக் கிரயப் பத்திரத்தில் தம்பியின் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால், உங்கள் தலைமுறைக்குத் தெரியாமல் போன ஒரு பாகப்பிரிவினை எங்கோ இருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அப்பா சென்ற ஆண்டுதான் காலமானார் என்கிறீர்கள். காட்டுமன்னார்கோவில் நிலத்தின் பட்டா இன்னும் அவர் பெயரிலா? அப்படியென்றால் மேட்டூரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தவர்கள் சம்மதம், பிறகு பட்டா மாற்றம். நம் மாவட்டத்தில் நிலம் எடுப்பது பழைய கதை இல்லை. சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைக்கு நிலம் கொடுத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பட்டா செத்துப்போன தகப்பன் பெயரில் கிடந்தால் பங்காளித் தகராறு கிளம்பும், தகராறு கிளம்பினால் பணம் கோர்ட்டில் போய் உட்காரும், யார் வாங்கினார் யார் விழுங்கினார் என்று அடுத்த தலைமுறைக்கு ஒரு சண்டை தயாராகிவிடும். உங்கள் தங்கைக்கும் அந்த நிலத்தில் சம பங்கு உண்டு. அவரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

பழைய பட்டாவை லேமினேட் செய்துவிடாதீர்கள். சூடு பட்டால் அந்தக் காலத்துக் காகிதம் பழுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. வெயில் படாமல் இருபுறமும் படம் எடுத்து, மடிப்பை நீவி, காகித உறைக்குள் தட்டையாக வையுங்கள். எனக்கு அனுப்புவதானால் அந்தப் படம் போதும், சர்வே எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி. அசல் உங்களிடமே இருக்கட்டும்.